கேடராக்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் போடற சொட்டு மருந்து: கண்ணுக்குள்ள போறது எவ்ளோ, வழியிலயே போயிடறது எவ்ளோ?

டெல்லில இருபது வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி ஃபார்மசி கவுண்டர்ல நின்னவ நான், டாக்டர் இல்ல. மயூர் விஹார்ல எங்க பில்டிங்ல மட்டும் போன குளிர்காலத்துல ஆறு பேருக்கு கேடராக்ட் ஆபரேஷன் ஆச்சு, அதுல ஒருத்தர் என் மாமனார். மருந்து சீட்டைத் தூக்கிட்டு எல்லாரும் என்கிட்டதான் வர்றாங்க, லிஃப்ட்ல கேக்கறாங்க, ஆர்.கே.புரம் மலை மந்திர் படியில உக்காந்து மூச்சு வாங்கிட்டிருக்கும்போது கூட கேக்கறாங்க. ஒரே பதிலைத் திருப்பித் திருப்பி சொல்லி வாய் வலிக்குது, அதான் எழுதி வெச்சுடறேன். இங்க சொல்றது ஆன்டிபயாடிக் பத்தி இல்ல, வீக்கத்தை அடக்கற சொட்டு மருந்து பத்தி, அதாவது ஸ்டீராய்டும், ஸ்டீராய்டு இல்லாத அந்த இன்னொரு வகையும். உங்க டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா அவங்க சொன்னதுதான் கணக்கு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு ஆறு வாரம் மருந்து?

நல்லபடியா முடிஞ்சாலும் கண்ணுக்கு அது ஒரு அடிதான். ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் வெட்டு, உள்ள அல்ட்ராசவுண்ட் வெச்சு லென்ஸை உடைச்சு உறிஞ்சி எடுக்கறாங்க, புது லென்ஸை வெக்கறாங்க. அடிபட்ட திசுலேர்ந்து ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு கிளம்பும், அதுதான் செவப்பு, கூச்சம், வலி எல்லாத்துக்கும் மூலம். சாதாரணமா கண்ணோட முன்னறைல இருக்கற தண்ணி கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும், ரத்தத்துல இருக்கற புரோட்டீன் அதுக்குள்ள வராம ஒரு தடுப்பு காவல் காக்குது. ஆபரேஷன்ல அந்தத் தடுப்பு லேசா விட்டுப்போகும். ரிவ்யூக்கு போனா டாக்டர் ஒரு மெல்லிசான வெளிச்சத்தை அடிச்சு பாக்கறாரே, அதுல அவர் தேடறது இதைத்தான். ஓட்டு வீட்ல கூரை ஓட்டை வழியா விழற வெயில்ல தூசி மிதக்குமே, அதே மாதிரி உள்ள கசிஞ்சு வந்த செல்லு மிதக்கறது தெரியும்.

இன்னொரு பிரச்சனை பின்னாடி. ரெட்டினா, அதாவது கண்ணோட பின்பக்கத் திரை, அதோட நடுவுல மாக்குலாங்கற இடத்துல தண்ணி கோத்துக்கலாம். 1953-ல் இர்வின்னு ஒரு டாக்டர் இதைப் பத்தி எழுதினார், 1966-ல் காஸ்ங்கறவர் சாயம் ஏத்திப் படம் புடிச்சு காட்டினார், அதனால இர்வின்-காஸ்னே பேர் வந்துடுச்சு. இது பெரும்பாலும் நாலுலேர்ந்து ஆறு வாரம் கழிச்சுதான் தலை தூக்கும். முதல் வாரம் பளிச்சுன்னு பார்வை வந்த சந்தோஷத்துல மருந்தை நிறுத்தறவங்க இதைத்தான் யோசிக்கறதில்ல.

ஒரு சொட்டு போட்டா அதுல எவ்ளோ உள்ள போகும்?

சொன்னா வயிறு எரியும். நூத்துல அஞ்சு பங்கு கூட போறதில்ல, பல மருந்துக்கு ஒண்ணு ரெண்டு பங்குதான்.

கணக்கு இதுதான். பாட்டில்லேர்ந்து விழற ஒரு சொட்டு 30-லேர்ந்து 50 மைக்ரோலிட்டர் இருக்கும். கண்ணுல எப்பவும் இருக்கற கண்ணீரே 7-லேர்ந்து 10 மைக்ரோலிட்டர். கீழ் இமைக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கற அந்தப் பை மொத்தமா புடிக்கறதே கிட்டத்தட்ட 30-தான், அதுவும் கொட்டாம கொள்ளாம இருந்தா. அப்போ சொட்டு விழுந்த அந்த நொடியே மிச்சம் கன்னத்துல வழிஞ்சுடுது. உள்ள நின்னதையும் கண்ணீர் சும்மா விடாது, நிமிஷத்துக்கு ஆறுல ஒரு பங்கு புதுசா மாறிக்கிட்டே இருக்கு, மருந்து பட்டதும் எரிஞ்சா இன்னும் வேகமா ஊறும். நாம கண்ணை சிமிட்ட சிமிட்ட அது ஒரு பம்ப் மாதிரி மருந்தை மூக்குப் பக்கம் இருக்கற ஓட்டைக்குள்ள தள்ளி விட்டுடுது. அஞ்சு நிமிஷம் ஆனா கண்ணு மேல பெரிசா ஒண்ணும் மிச்சம் இருக்காது.

உள்ள போனதுக்கும் நிம்மதி இல்ல. முன்னறைல இருக்கற தண்ணி மொத்தமே கால் மில்லிதான், அதுவும் ஒண்ணரை ரெண்டு மணி நேரத்துல முழுசா மாறிடுது. அதனாலதான் ஒரு நாளைக்கு ஆறு தடவை, நாலு தடவைன்னு உயிரை வாங்கறாங்க.

அப்போ ரெண்டு சொட்டா விட்டா?

ரெண்டாவது சொட்டு நேரா கன்னத்துக்கு. ஒரு சொட்டு சரியா விழுந்தா போதும், இமை மேலயோ மூக்கு மேலயோ விழுந்தா மட்டும் இன்னொண்ணு போடுங்க.

மருந்து போட்டதும் தொண்டைல கசக்குது. மூளைக்கு ஏதாவது போகுதா?

மூளைக்கு இல்ல, மூக்குக்கு. கண்ணோட உள் மூலைலேர்ந்து மூக்குக்குள்ள ஒரு குழாய் இருக்கு, அழுதா மூக்கு ஒழுகறதே இதனாலதான். கசப்பு தெரிஞ்சா கண்ணுல நிக்க வேண்டிய மருந்து தொண்டைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம். என்னைக் கேட்டா இந்தக் கசப்பு நல்ல அளவுகோல், நாம சரியா போடறோமா இல்லையான்னு வீட்லயே தெரிஞ்சுக்க வேற டெஸ்ட் வேண்டாம். மூக்கு உள்ளத்தோல் வழியா போற மருந்து கல்லீரலைத் தொடாம நேரா ரத்தத்துல கலக்கும், வீக்க மருந்துல அதனால பெரிய ஆபத்து வர்றது அபூர்வம். ஆனா கண்ணு பிரஷருக்கு போடற டிமோலால் சொட்டு ஆஸ்துமாக்காரங்களுக்கு இந்த வழியாத்தான் மூச்சுத் திணறலைக் கொண்டு வரும், அதனால அதையும் சேத்து போடறவங்க கட்டாயம் டாக்டர்கிட்ட ஆஸ்துமா இருக்குன்னு சொல்லிடுங்க.

சரி, எப்படிப் போட்டா அதிகம் உள்ள போகும்?

கையைக் கழுவிட்டு சாஞ்சு உக்காருங்க, படுத்தாலும் சரி. கீழ் இமையை மெதுவா கீழ இழுத்தா ஒரு சின்ன பை மாதிரி வரும், மேல பாத்துக்கிட்டே அந்தப் பைல ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலயோ ரோமத்துலயோ படக்கூடாது. நேரா கருவிழி நடுவுல விட்டா சுருக்குன்னு இருக்கும், கண்ணு தன்னால இறுக மூடிக்கும், மருந்து வெளிய வந்துடும். போட்ட உடனே கண்ணை மென்மையா மூடுங்க, தூங்கற மாதிரி. இறுக்கி மூடறதும், நல்லா கலக்கட்டும்னு பட் பட்டுன்னு சிமிட்டறதும் தப்பு. மூடினபடியே ரெண்டு மூணு நிமிஷம் இருங்க, கூடவே ஒரு விரலால கண்ணோட உள் மூலைல, மூக்கெலும்பு மேல லேசா அழுத்திக்கோங்க. திரும்ப சொல்றேன், எலும்பு மேல, கண்ணு மேல இல்ல, ஆபரேஷன் ஆன கண்ணை அழுத்தவே கூடாது. முதல் வாரம் விரல் வெக்க பயமா இருந்தா விட்டுடுங்க, கண்ணை மூடிட்டு இருக்கறதே பாதி வேலையைப் பண்ணிடும்.

எங்க மாமா இந்த மூணு நிமிஷத்துக்கு கந்தர் சஷ்டி கவசத்துல பாதி சொல்லுவார். வாட்ச் பாக்க முடியாதே, கண்ணுதான் மூடியிருக்கே, அதனால அது நல்ல ஏற்பாடு.

மூணு பாட்டில் இருக்கு. ஒண்ணா போட்டு முடிச்சுட்டா என்ன?

முதல்ல போட்டதை ரெண்டாவது கழுவிட்டுப் போயிடும். 1970கள்ல முயல் கண்ணுல பாத்திருக்காங்க, முதல் சொட்டு போட்டு அரை நிமிஷத்துல அடுத்ததை விட்டா முதல் மருந்துல கிட்டத்தட்ட பாதி போயிடுது, அஞ்சு நிமிஷம் விட்டா பெரிசா நஷ்டம் இல்ல. அந்த அஞ்சு நிமிஷம்தான் இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா சொல்ற கணக்கு. எது முதல்ல எது அப்புறம்னு ரொம்ப சண்டை போடாதீங்க, தண்ணி மாதிரி இருக்கறது முதல்ல, பால் மாதிரி இருக்கறது அப்புறம், ஜெல்லோ ஆயின்ட்மென்டோ இருந்தா கடைசில. ஆயின்ட்மென்ட் ஒரு எண்ணெய்ப் படலம் மாதிரி உக்காந்துக்கும், அதுக்கு மேல சொட்டு போட்டா வாழை இலைல தண்ணி விட்ட கதைதான். கண்ணு வறண்டு போறதுக்கு போடற செயற்கை கண்ணீரும் மருந்துக்கு அப்புறம்தான், பத்து நிமிஷம் கழிச்சு.

"தின் மே ச்சே பார்"னு சொன்னாங்களாம், எத்தனை தடவை?

இது நெஜமாவே கேட்ட கேள்வி, கேட்டது நாலாவது மாடி பாட்டி, ஆபரேஷனுக்காக கும்பகோணத்துலேர்ந்து பையன் வீட்டுக்கு வந்தவங்க. டிஸ்சார்ஜ் பண்ண ஆஸ்பத்திரி ஆள் சொன்னதைக் கேட்டுட்டு, "ஏன்டி அவன் ச்சே ச்சேன்னு சலிச்சுக்கறான்?"னு கேட்டாங்க. ச்சேன்னா இந்தில ஆறு. "ஏக் ஏக் பூந்த்"னா ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு. ஊர்லேர்ந்து வந்த பெரியவங்களுக்கு பையனும் மருமகளும் ஆபீஸ் போயிட்டா மருந்து போட ஆள் இருக்காது, சீட்டு இந்திலயும் இங்கிலீஷ்லயும் இருக்கும். காலண்டர் பின்பக்கத்துல தமிழ்ல பெரிய எழுத்துல நேரம் எழுதி, பாட்டிலுக்கு ஒரு கலர் ரப்பர் பேண்டு போட்டுக் குடுங்க. முழிச்சிருக்கற நேரத்தை ஆறா பிரிச்சா ரெண்டரை மணிக்கு ஒரு தடவை வரும், ராத்திரி அலாரம் வெச்சு எழுப்ப வேண்டியதில்ல, டாக்டர் அப்படி சொல்லியிருந்தா தவிர.

பால் மாதிரி வெள்ளையா ஒரு மருந்து இருக்கே, அது ஏன் அப்படி? குலுக்கணும்னு போட்டிருக்கு, அவசியமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இதை எழுதவே உக்காந்தேன்.

கண்ணோட முன் ஜன்னல் கார்னியா, அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஆனா அது ஒரு சாண்ட்விச். மேல் தோல் அஞ்சாறு அடுக்கு செல்லு, ஒண்ணோட ஒண்ணு நெருக்கமா ஒட்டி இருக்கும், அதுக்கு எண்ணெய்ப் பசை உள்ள மருந்துதான் புடிக்கும், தண்ணில கரையறதை உள்ள விடாது. நடு அடுக்கு, அதுதான் பத்துல ஒன்பது பங்கு, அது தண்ணி ஊறின பஞ்சு மாதிரி, அதுக்கு தண்ணில கரையறதுதான் இஷ்டம். கடைசில ஒரே ஒரு வரிசை செல்லு, மறுபடியும் எண்ணெய்க் கட்சி. ஆக உள்ள போற மருந்து ரெண்டு பக்கமும் ஒத்துப்போகத் தெரிஞ்சதா இருக்கணும்.

பிரெட்னிசோலோன்னு ஒரே ஸ்டீராய்டு ரெண்டு ரூபத்துல வருது. பாஸ்பேட் ரூபம் தண்ணில நல்லா கரையும், அதனால பாட்டில்ல தெளிவா இருக்கும், ஆனா மேல் தோல்லயே மாட்டிக்கும். அசிடேட் ரூபம் தண்ணில கரையாது, பொடியா மிதக்கும், அதனால பால் மாதிரி இருக்கும், பிரெட் ஃபோர்ட்னு நிறைய பேர் வாங்கறது அதுதான். இது கார்னியாவை சுலபமா தாண்டும், தாண்டும்போது அங்க இருக்கற என்சைம் அந்த அசிடேட் வாலை வெட்டி விட்டுடும், வேலை செய்யற மருந்து உள்ள எறங்கிடும். 1990-ல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வுல கேடராக்ட் பேஷண்டுகளோட கண்ணு தண்ணிலயே அளந்து பாத்தாங்க. அசிடேட் 1% போட்டவங்களுக்கு உச்சத்துல ஒரு மில்லிக்கு கிட்டத்தட்ட 670 நானோகிராம், பாஸ்பேட் 0.5% போட்டவங்களுக்கு 26. பாட்டில்ல இருக்கற வீரியம் ரெண்டு மடங்குதான் வித்தியாசம், உள்ள போனது இருபத்தஞ்சு மடங்கு! அதே ஆய்வுல டெக்ஸாமெதசோன் 0.1% போட்டவங்களுக்கு 31 இருந்துது, ஆனா அது பிரெட்னிசோலோனை விட ஆறேழு மடங்கு வீரியமான ஸ்டீராய்டு, அதனால நம்பரை மட்டும் வெச்சு எது ஒசத்தின்னு முடிவு கட்டாதீங்க.

இப்போ குலுக்கற விஷயம். பொடி மிதக்கற மருந்துன்னா பாட்டில் சும்மா நின்னா பொடி அடியில உக்காந்துடும். எங்க வீட்ல நடந்ததே இதுதான். நான் டியூட்டில இருந்தேன், மாமா தானே போட்டுக்கறேன்னு சொல்லிட்டார், ரொம்ப ஜாக்கிரதையான மனுஷன், நேரம் தப்பாம போட்டார், ஆனா குலுக்கல. ஆபரேஷன் ஆன கண்ணு, எதையும் ஆட்டக்கூடாதுன்னு சொன்னதை அவர் பாட்டிலுக்கும் சேத்து எடுத்துக்கிட்டார் போல. பத்து நாள் கழிச்சு ரிவ்யூல செல்லு இன்னும் நிறைய மிதக்குதுன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்து பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தா மேல தெளிஞ்ச தண்ணி, அடியில வெள்ளையா தயிர் மாதிரி ஒரு படிவு. பத்து நாளா அவர் போட்டதுல பாதி வெறும் தண்ணிதான். இருபது வருஷம் ஊருக்கெல்லாம் குலுக்கி போடுங்கன்னு சொன்னவ, வீட்ல சொல்ல மறந்துட்டேன். அப்புறம் குலுக்கிப் போட ஆரம்பிச்சதும் அடுத்த ரிவ்யூல கண்ணு தெளிஞ்சுடுச்சு. ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி இருபது தடவையாவது நல்லா ஆட்டுங்க.

டிஸ்பென்சரில வேற பிராண்ட் குடுத்துட்டாங்க, பரவாயில்லையா?

பிராண்ட் மாறினா பரவாயில்ல, பேர் மாறக்கூடாது. மருந்தோட பேர், அது பக்கத்துல வர்ற வால் அசிடேட்டா பாஸ்பேட்டா, எத்தனை சதவீதம், இந்த மூணும் சீட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். வெள்ளை மருந்துகள்ல பொடியோட சைஸ் கம்பெனிக்கு கம்பெனி மாறும், சிலது சீக்கிரம் அடியில உக்காரும், அதனால இன்னும் நல்லா குலுக்கணும். சந்தேகம்னா ரெண்டு பாட்டிலையும் எடுத்துட்டு ரிவ்யூக்குப் போங்க.

கண்ணுக்குள்ள எவ்ளோ போச்சுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறாங்க?

ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற மாதிரி கண்ணுல ஊசி போட்டு யாரும் தண்ணி எடுக்க விடமாட்டாங்க இல்லையா. ஆனா கேடராக்ட் பேஷண்டுக்கு எப்படியும் கண்ணைத் திறக்கப் போறாங்க. அதனால சம்மதம் வாங்கிட்டு, ஆபரேஷனுக்கு முன்னாடி ஒருத்தருக்கு அரை மணி, இன்னொருத்தருக்கு ஒரு மணி, இன்னொருத்தருக்கு ரெண்டு மணின்னு வேற வேற நேரத்துல சொட்டு போடுவாங்க, வெட்டு போடற தருணத்துல முன்னறைலேர்ந்து பத்துல ஒரு பங்கு மில்லி உறிஞ்சி லேபுக்கு அனுப்பிடுவாங்க. ஒரு கண்ணுலேர்ந்து ஒரே ஒரு சாம்பிள்தான் கிடைக்கும், அதனால பல பேரோட புள்ளியைச் சேத்து ஒரு கோடு வரையறாங்க. மனுஷக் கண்ணுக்குள்ள மருந்து எப்படிப் போகுதுன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி இந்த மாதிரி கேடராக்ட் பேஷண்டுங்க குடுத்த சொட்டுத் தண்ணிலதான் இருக்கு. இதுல ஒரு சிக்கல் என்னன்னா, அளந்தது எல்லாம் வெட்டு படாத அமைதியான கண்ணுல. நாம மருந்து போடறது அடிபட்டு செவந்த கண்ணுல.

அப்போ வெட்டுப்பட்ட கண்ணுல அதிகமா உள்ள போகுமா, கம்மியா போகுமா?

ரெண்டும்தான். மேல் தோல் அடிபட்டிருந்தா அந்தக் காவல் தளர்ந்திருக்கும், தண்ணில கரையற மருந்து கூட கொஞ்சம் அதிகமா எறங்கும். ஆனா எரிச்சல்ல கண்ணீர் ஊத்தும், மருந்தைக் கழுவும். உள்ள கசிஞ்ச புரோட்டீன் மருந்தைப் புடிச்சு வெச்சுக்கவும் செய்யும். நிறைய பாட்டில்ல கெடாம இருக்கறதுக்குப் போடற பென்சல்கோனியம்னு ஒண்ணு இருக்கு, அதுவே மேல் தோல் செல்லுங்களோட இடுக்கைத் தளர்த்தி மருந்துக்கு வழி விடும், அதே காரணத்துக்காக நாள்பட்டா கண்ணை உலர்த்தவும் செய்யும். கார்னியா வழி தவிர வெள்ளை விழிப் பக்கமா ஒரு வழியும் இருக்கு, அந்தப் பரப்பு பெரிசு, கார்னியாவைப் போல பதினஞ்சு மடங்குக்கு மேல. ஆனா அங்க ரத்தக்குழாய் நிறைய, வழியிலயே மருந்தை அள்ளிட்டுப் போயிடும்.

ஸ்டீராய்டு இருக்கும்போது நெபாஃபெனாக், கீட்டோரோலாக், புரோம்ஃபெனாக்னு இன்னொண்ணு எதுக்கு?

ஸ்டீராய்டு வீக்கத்தை அது கிளம்பற ஆரம்பத்துலயே அடைக்கும். இந்த இன்னொரு வகை காக்ஸ்ங்கற என்சைமை மட்டும் புடிச்சு ப்ராஸ்டாகிளாண்டின் உருவாகறதை நிறுத்தும். ரெண்டும் வேற வேற வால்வை மூடுது, அதனால சேர்ந்தா நல்லது. 2018-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒண்ணுல சுகர் இல்லாத பேஷண்டுகளை மூணு குழுவா பிரிச்சாங்க. பன்னெண்டு வாரத்துல மாக்குலா வீக்கம் வந்தது டெக்ஸாமெதசோன் மட்டும் போட்டவங்கள்ல 5.1%, புரோம்ஃபெனாக் மட்டும் போட்டவங்கள்ல 3.6%, ரெண்டும் போட்டவங்கள்ல 1.5%.

உள்ள போற விதத்துல நெபாஃபெனாக் ஒரு சாமர்த்தியமான மருந்து. இந்த வகைல மத்ததெல்லாம் அமிலம், கண்ணீர்ல மின்னேற்றம் புடிச்சுக்கும், அதனால கார்னியா தோல் வழி நுழையத் திணறும். நெபாஃபெனாக் அந்த மின்னேற்றம் இல்லாம போகும், உள்ள போனதும் கண்ணுல இருக்கற என்சைமே அதை அம்ஃபெனாக்கா மாத்திடும், அதுதான் வேலை செய்யற ஆளு. புரோம்ஃபெனாக்ல ஒரு புரோமின் அணுவைச் சேத்து எண்ணெய்ப் பசையைக் கூட்டியிருக்காங்க, அதனாலதான் அது ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவை போட்டாலே போதும்னு வருது. நெபாஃபெனாக்லயே 0.1%ன்னா மூணு தடவை, 0.3%ன்னா ஒரு தடவை. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு தடவைதான் சொன்னாங்க, எனக்கு மட்டும் ஏன் மூணுன்னு சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி அந்த சதவீதத்தைப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை, இதெல்லாம் சாதாரண வலி மருந்துன்னு நெனச்சு டாக்டர் நிறுத்தச் சொன்ன அப்புறமும் மாசக்கணக்குல போட்டுக்கிட்டே இருக்காதீங்க. கார்னியா கரைஞ்சு மெலிஞ்சு போன கேஸ் உண்டு, 1999-ல் அமெரிக்காவுல டைக்ளோஃபெனாக் சொட்டு ஒண்ணை அதனாலேயே சந்தைலேர்ந்து எடுத்தாங்க. கடுமையான வறண்ட கண்ணு, முடக்குவாதம், சுகர் இருக்கறவங்க கூடுதல் ஜாக்கிரதையா இருக்கணும்.

ஸ்டீராய்டு இல்லாத இந்த வகையை ஆபரேஷனுக்கு முந்தின நாளே ஏன் போடச் சொல்றாங்க?

வெட்டு விழும்போது மருந்து ஏற்கனவே உள்ள உக்காந்திருக்கணும். ப்ராஸ்டாகிளாண்டின் கிளம்பின அப்புறம் தொரத்தறதை விட கிளம்ப விடாம பண்றது சுலபம். இன்னொரு காரணம் பாப்பா, அதாவது கண்மணி. ஆபரேஷன் நடுவுல அது சுருங்கிட்டா சர்ஜனுக்கு இருட்டுல கதவு சாத்தின மாதிரி, இந்த மருந்து அதை விரிஞ்ச மாதிரியே வெக்க உதவும்.

சுகர் இருக்கு. ஸ்டீராய்டு சொட்டு போட்டா ஏறுமா?

கண்ணு வழியா ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம், பெரும்பாலும் பெரிசா ஏறாது. சுகர் மெஷின்ல வழக்கம் போல பாத்துக்கிட்டே இருங்க. சொல்லப்போனா சுகர்காரங்களுக்கு மாக்குலா வீக்கம் வர்ற வாய்ப்புதான் அதிகம், அதனால மருந்தை விடாம போடறது இவங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம்.

ஸ்டீராய்டால கண்ணுல பிரஷர் ஏறும்னு சொல்றாங்களே?

ஏறலாம், எல்லாருக்கும் இல்ல. நூத்துல அஞ்சு பேர் மாதிரி நல்லா ஏறற உடம்புக்காரங்க, மூணுல ஒருத்தருக்கு ஓரளவு ஏறும். சாதாரணமா ரெண்டு மூணு வாரத்துக்கு அப்புறம்தான் தெரியும், வலிக்காது, அளந்தாதான் தெரியும். ரிவ்யூவைத் தட்டிக் கழிக்காதீங்கன்னு சொல்றது அதுக்குத்தான். வீட்ல யாருக்காவது கிளாக்கோமா, அதாவது கண்ணு பிரஷர் வியாதி இருந்தா முன்கூட்டியே சொல்லுங்க, லோட்டெபிரட்னால்னு ஒரு ஸ்டீராய்டு இருக்கு, வேலை முடிஞ்சதும் கண்ணுலயே உடைஞ்சு போற மாதிரி வடிவமைச்சது, பிரஷர் ஏத்தறது கம்மி. அதுக்காக பிரஷருக்குப் பயந்து நீங்களா ஒரே நாள்ல நிறுத்திடாதீங்க, அடங்கின வீக்கம் திரும்ப எழுந்துக்கும். வாரத்துக்கு ஒண்ணா குறைச்சுக்கிட்டே வர்றது அதுக்குத்தான்.

நந்தியாவட்டைப் பூ வெச்சுக்கலாமா? விளக்கெண்ணெய் ஒரு சொட்டு? பன்னீர்?

வேண்டவே வேண்டாம். நம்ம பாட்டிங்க கண்ணுல பூ வெச்சது நல்ல கண்ணுல, இது ஆறாத வெட்டு இருக்கற கண்ணு, கிருமி ஒண்ணு உள்ள போனா பார்வையே போயிடும். விளக்கெண்ணெய்ல ஒரு வேடிக்கை என்னன்னா டைஃப்ளூபிரெட்னேட்னு ஒரு ஸ்டீராய்டு சொட்டு மருந்தையே விளக்கெண்ணெய்ல கலந்து பால்மமா செஞ்சுதான் விக்கறாங்க, அதனால பாட்டிங்க மொத்தமா தப்புன்னு சொல்லிட முடியாது. ஆனா அது கிருமி நீக்கின எண்ணெய், பூஜை அலமாரி பாட்டில் இல்ல.

டெல்லி வெயில், தீபாவளிப் புகை, இதெல்லாம் மருந்தைக் கெடுக்குமா?

மே மாசம் நிறுத்தின கார்ல பாட்டிலை விட்டுட்டுப் போனா அது மருந்து இல்ல, கஷாயம். லேபிள்ல போட்டிருக்கற டிகிரிக்குக் கீழ வெக்கணும், ஃபிரிட்ஜ் கதவுல வெச்சா பரவாயில்லையான்னும் லேபிள்தான் சொல்லும், ஆனா ஃப்ரீசர்ல எந்த மருந்தையும் வெக்காதீங்க. புகை மருந்தைக் கெடுக்காது, கண்ணைக் கலங்க வெக்கும், கலங்கின கண்ணு மருந்தைக் கழுவிடும். நவம்பர்ல ஆபரேஷன் ஆனவங்க காலைல பார்க் நடை போயிட்டு வந்து போடறதை விட, ஜன்னலைச் சாத்திட்டு வீட்ல உக்காந்து போட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய போறது நல்லது. குளிர்காலத்துல ஹீட்டர் காத்து முகத்துல நேரா அடிக்க விடாதீங்க.

ஒரு தடவை மறந்துட்டேன்.

ஞாபகம் வந்ததும் போடுங்க. அடுத்த வேளை கிட்ட வந்துடுச்சுன்னா அதோட விட்டுடுங்க, சேத்து ரெண்டு சொட்டு வேண்டாம், மேல ஏற்கனவே சொன்ன கன்னக் கணக்குதான்.

சொட்டே போடாம ஏதாவது வழி இருக்கா?

இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா வருது. ஆபரேஷன் முடியும்போதே ஸ்டீராய்டை ஊசியா கண்ணுப் பக்கத்துலயோ உள்ளயோ வெச்சுடறது ஒண்ணு. கண்ணீர் போற அந்த ஓட்டைக்குள்ளயே 0.4 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் உள்ள ஒரு சின்ன குச்சியை வெச்சு முப்பது நாள் மெதுவா விடறது இன்னொண்ணு, அமெரிக்காவுல 2018-ல் அனுமதி குடுத்தாங்க. எந்த ஓட்டை வழியா மருந்தெல்லாம் ஓடிப்போகுதோ அதே ஓட்டையில மருந்தை உக்கார வெச்சுட்டாங்க, எனக்கு அந்த யோசனை ரொம்பப் புடிச்சுது. கை நடுங்கற, தனியா இருக்கற பெரியவங்களுக்கு இதெல்லாம் வரப்பிரசாதம். ஆனா பிரஷர் ஏறினா சொட்டை நிறுத்தற மாதிரி ஊசியை நிறுத்த முடியாது.

எப்போ உடனே ஓடணும்?

வலி குறையாம கூடினா, தெளிஞ்ச பார்வை மங்கினா, வெளுத்த கண்ணு திரும்ப செவந்தா, பீளை கட்டினா. காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் எமர்ஜென்சிக்குப் போங்க.

மிச்சம் இருக்கற பாட்டிலை அடுத்த கண்ணு ஆபரேஷனுக்கு வெச்சுக்கலாமா?

கூடாது. திறந்த பாட்டிலுக்கு ஆயுசு பெரும்பாலும் நாலு வாரம்தான், எக்ஸ்பைரி தேதி ரெண்டு வருஷம் தள்ளி இருந்தாலும் அது திறக்காத பாட்டிலுக்கு. ஒரு கணக்கு சொல்றேன் பாருங்க. முதல் வாரம் ஆறு தடவை, அப்புறம் அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு ஆறு வாரம் குறைச்சா மொத்தம் 147 சொட்டு. ஒரு சொட்டு 40-லேர்ந்து 50 மைக்ரோலிட்டர்னு வெச்சா அஞ்சு மில்லி பாட்டில்ல நூறு, நூத்தி இருபத்தஞ்சு சொட்டுதான் இருக்கும். முதல் நாலு வாரத்துக்கே 126 சொட்டு வேணும், அதாவது சரியா போட்டா பாட்டில் தீர்ற நேரமும் ஆயுசு முடியற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணா வரும். நாலு வாரம் கழிச்சும் பாட்டில் பாதி இருந்தா எங்கயோ வேளை தப்பியிருக்கு, ரெண்டு வாரத்துலயே தீந்துட்டா கன்னத்துக்குப் போயிருக்கு.

மாமாவோட அடுத்த கண்ணுக்கு அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. புது பாட்டில் வாங்கியாச்சு, திறக்கற அன்னைக்குத் தேதி எழுத ஒரு ஸ்கெட்ச் பேனாவையும் அதோட ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வெச்சிருக்கேன், மூடி மேல "குலுக்கு"ன்னு எழுதினது மாமாவே.